பழைய காரின் ஹெட்லைட்: வெளிச்சம் வயரிலேயே தங்கிவிடுகிறது

திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை போகிற ரோடு. கார்த்திகை மாதம், ராத்திரி எட்டரை மணி, நசநசவென்று மழை. என் 1994 மாடல் மாருதி 800-ல் போய்க்கொண்டிருந்தோம். பக்கத்து சீட்டில் மைத்துனன். செஞ்சி தாண்டியதும் கொஞ்ச நேரம் ரோட்டையே உற்றுப் பார்த்தவன், "மாமா, லைட் போட்டிருக்கீங்களா?" என்றான். கிண்டலாகக் கேட்கவில்லை, நிஜமாகவே சந்தேகம் வந்துதான் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் முன்னால் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று, பின்னால் சிவப்பு விளக்கும் கிடையாது ஒளிரும் ஸ்டிக்கரும் கிடையாது, கிட்டத்தட்ட மூக்குக்கு நேரே வந்து நின்றது மாதிரித் தெரிந்தது. பிரேக் பிடித்தது, தப்பித்தோம்.

ஊருக்குத் திரும்பியதும் ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தர் எல்இடி போடச் சொன்னார். ஒருத்தர் நூறு-தொண்ணூறு வாட் பல்பு போடச் சொன்னார். இன்னொருத்தர் வண்டியையே விற்கச் சொன்னார், அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். கவனித்துப் பார்த்தால் மூன்றாமவரைத் தவிர எல்லோரும் பல்பைப் பற்றியே பேசினார்கள். பல்புக்கு என்ன போய்ச் சேருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பழைய காரில் ஹெட்லைட் மங்குவதற்குப் பெரும்பாலும் பல்பு காரணமே இல்லை, பேட்டரிக்கும் பல்புக்கும் நடுவில் இருக்கிற வயரும் ஸ்விட்சும்தான் காரணம். அதைச் சரிசெய்யாமல் மேலே எதைப் போட்டாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான்.

முதலில் பல்பைப் பார்த்துவிடலாம். நம்மூர்ப் பழைய கார்களில் பரவலாக இருப்பது ஹெச்4 என்கிற ஹாலஜன் பல்பு, 1971-ல் வந்த வடிவம், இன்னும் கடையில் கிடைக்கிறது. ஒரே கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு இழை: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். பெட்டியில் 12 வோல்ட் என்று போட்டிருந்தாலும் அதன் வெளிச்சத்தை அளப்பது 13.2 வோல்ட்டில். அந்த வோல்ட்டேஜில் பிரைட் சுமார் 1650 லூமென் (வெளிச்சத்தை அளக்கிற அலகு), டிம் சுமார் 1000 லூமென் தரவேண்டும். என்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் (என்ஜினோடு சுழன்று கரண்ட் தயாரிக்கிற டைனமோ) பதினான்கு வோல்ட்டுக்குப் பக்கத்தில் கொடுத்துக்கொண்டிருக்கும் என்பதால் இது நியாயமான கணக்குதான். ஆனால் அந்தப் பதினான்கும் பல்பு வரை போய்ச் சேரவேண்டுமே.

இங்கேதான் வில்லங்கம். வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சமும் பத்து சதவீதம்தான் குறையும் என்று தோன்றும். அப்படி இல்லை. இழையின் சூடு கொஞ்சம் குறைந்தாலே வெளிச்சம் சரசரவென்று இறங்கிவிடும். வெளிச்சம் ஏறக்குறைய வோல்ட்டேஜின் 3.4-வது அடுக்கு (பவர்) என்று ஒரு கணக்கு இருக்கிறது. அதன்படி பத்து சதவீதம் வோல்ட்டேஜ் போனால் முப்பது சதவீதம் வெளிச்சம் போய்விடும். மிச்சமிருப்பதும் மஞ்சளடித்துப் போகும். பழைய வண்டியின் லைட் சிமினி விளக்கு மாதிரித் தெரிவது இதனால்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சாதாரண மீட்டர் போதும். என்ஜினை ஓடவிட்டு, பிரைட்டைப் போட்டு, பேட்டரி முனையில் வைத்துப் பார்த்தால் 13.9 வோல்ட். சரி, ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. பல்புக்குப் பின்னால் இருக்கிற ஹோல்டரில், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே (கழற்றிவிட்டு அளந்தால் கரண்ட் ஓடாது, அதனால் எல்லாம் சரியாக இருப்பதாகவே காட்டும், நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள்) பின்பக்கமாக ஊசியைச் செருகிப் பார்த்தால் 11.6. நடுவில் 2.3 வோல்ட் காணவில்லை. 13.2-க்கும் 11.6-க்கும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பல்பு தரவேண்டிய வெளிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட வரவில்லை.

அந்த 2.3 வோல்ட் எங்கே போகிறது? இரண்டு பல்பும் பிரைட்டில் சேர்ந்து பத்து ஆம்பியர் இழுக்கும். வழியில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தால் போதும், ஒரு வோல்ட் காலி. பேட்டரியிலிருந்து கிளம்பி, ஃப்யூஸ் பெட்டிக்குப் போய், அங்கிருந்து டேஷ்போர்டுக்குள் நுழைந்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கிற ஸ்விட்ச் வழியாகத் திரும்பி முன்னால் வருகிற நீளமான பாதை அது. முப்பது வருஷம் ஆன வண்டியில் அந்தப் பாதையில் இருக்கிற ஒவ்வொரு கனெக்டரும் கொஞ்சம் பச்சை பூத்திருக்கும், ஸ்விட்ச்சுக்குள் செம்புத் தகடு தீய்ந்து கறுத்திருக்கும், வயரே முதலிலிருந்து மெலிசு. ஆளுக்குக் கொஞ்சமாகத் தின்றுவிட்டு மிச்சத்தைப் பல்புக்குக் கொடுக்கின்றன. தின்றது எல்லாம் சூடாக வெளியே போகிறது. ராத்திரி நெடுநேரம் ஓட்டியபின் அந்த ஸ்விட்சைத் தொட்டுப் பார்த்தால் கையில் தெரியும்.

மீட்டரின் ஒரு ஊசியை பேட்டரி பாசிட்டிவிலும் மற்றதை ஹோல்டரின் பாசிட்டிவிலும் வைத்தால் அந்தப் பக்கத்து நஷ்டம் தனியாகத் தெரியும், நெகட்டிவுக்கும் அப்படியே. என் வண்டியில் பாசிட்டிவ் பக்கம் 0.8, நெகட்டிவ் பக்கம் 1.5. எனக்கு ஆச்சரியம். எர்த் என்றால் பக்கத்தில் பாடியில் ஒரு போல்ட், அவ்வளவுதானே, அதில் எப்படி ஒன்றரை வோல்ட் போகும்? இந்தக் கேள்வியை அப்போதே விடாமல் பிடித்திருந்தால் பின்னால் இரண்டு ஃப்யூஸ் மிச்சமாகியிருக்கும்.

இதற்குத் தீர்வு ரிலே. விஷயம் எளிது. பேட்டரியிலிருந்து தடிமனான வயரை நேராகப் பல்புக்குக் கொண்டுபோய்விட வேண்டும். நடுவில் ரிலே என்கிற ஒரு சின்னப் பெட்டி, அதுதான் அந்த வயரைத் திறந்து மூடுகிற ஸ்விட்ச். பழைய ஸ்டீயரிங் ஸ்விட்ச்சுக்கு இனிமேல் பத்து ஆம்பியர் சுமக்கிற வேலை கிடையாது. ரிலேக்குள் இருக்கிற காயிலை (கரண்ட் ஓடினால் காந்தமாகிற கம்பிச்சுருள்) எழுப்பிவிட்டால் போதும், அதற்கு 0.2 ஆம்பியர்கூட முழுசாக ஆகாது. முதலாளி இருந்த இடத்தில் இருந்தபடி கை காட்டுகிறார், மூட்டையை வேறு ஆள் தூக்குகிறான். ரிலேயின் கால்களில் நம்பர் பொறித்திருக்கும்: 30 பேட்டரியிலிருந்து வருவது, 87 பல்புக்குப் போவது, 85-ம் 86-ம் காயில். பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று என்று இரண்டு ரிலே வேண்டும்.

வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், செம்பு. இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பத்து ஆம்பியர் ஓடினாலும் அதில் 0.15 வோல்ட்தான் போகும். ஃப்யூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கவேண்டும், இதில் சமரசமே கூடாது, ஏனென்றால் ஃப்யூஸுக்கு முன்னால் இருக்கிற வயர் எங்கேயாவது பாடியில் உரசினால் அதைத் தடுக்க ஒன்றும் இல்லை, வண்டி எரிந்துவிடும். பிரைட்டுக்கும் டிம்முக்கும் தனித்தனியாக 15 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டேன். ஒன்று போனாலும் மற்றதை வைத்து வீடு வந்து சேரலாம். ரிலேயை கால் கீழே பார்க்கிற மாதிரி மாட்டவேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும்.

இதெல்லாம் ரெடிமேடாகவே கிடைக்கிறது. சென்னை ஜி.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்கு ஒரு கிட் வாங்கினேன். அதில் ஒரு பக்கம் ஹெச்4 பல்பின் பின்புறம் மாதிரியே மூன்று தகடு வைத்த பிளக் இருக்கும். வண்டியின் பழைய ஹோல்டரைப் பல்பிலிருந்து பிடுங்கி அந்த பிளக்கில் மாட்டினால் அதுதான் ரிலேக்கு உத்தரவு. இன்னொரு பக்கத்துப் பழைய ஹோல்டருக்கு வேலை இல்லை, டேப் சுற்றி ஓரமாகக் கட்டிவிடலாம். கிட்டிலிருந்து வருகிற புது ஹோல்டர்கள் பல்புக்கு. எங்கேயும் வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம், பிடிக்காவிட்டால் அரைமணி நேரத்தில் பழையபடி மாற்றிவிடலாம்.

மாட்டினேன். ஸ்விட்சைத் திருப்பினேன். டிக். இரண்டு லைட்டும் இல்லை. பழைய ஹெட்லைட் ஃப்யூஸ் போய்விட்டது. இன்னொன்று போட்டேன், அதுவும் டிக். மூன்றாவதையும் எரிக்க மனசில்லாமல், கிட்டின் பிளக்கைக் கழற்றிவிட்டு அதைப் போட்டு, டெஸ்ட் லாம்ப்பை (ஒரு முனையில் கிளிப், மறுமுனையில் ஊசி வைத்த சின்ன பல்பு) எடுத்தேன். கிளிப்பை பாடியில் மாட்டிக்கொண்டு, பழைய ஹோல்டரின் மூன்று ஓட்டையிலும் ஊசியை வைத்துப் பார்த்தால், எர்த் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த நடு வயரில் லாம்ப் பளிச்சென்று எரிகிறது. பிரைட், டிம் இரண்டிலும் எரியவில்லை. கிளிப்பை பேட்டரி பாசிட்டிவுக்கு மாற்றினேன். இப்போது பிரைட்டில் எரிகிறது, ஸ்விட்சைத் தட்டினால் டிம்முக்குத் தாவுகிறது.

அதாவது எல்லாம் தலைகீழ். ஜப்பானிய வம்சத்து வண்டிகள் பலவற்றில் இப்படித்தான் இருக்கும்: பாசிட்டிவ் பொதுவாகப் பல்புக்கு வந்துவிடும், ஸ்டீயரிங் ஸ்விட்ச் எர்த்தைத்தான் இணைத்துத் துண்டிக்கும். அந்த ஒன்றரை வோல்ட் நெகட்டிவ் பக்கத்தில் காணாமல் போனதற்கும் இதுதான் காரணம், எர்த் நேராக பாடிக்குப் போகவே இல்லை, ஸ்டீயரிங் வரை ஊர் சுற்றிவிட்டுப் போகிறது. நான் வாங்கிய கிட்டோ ஐரோப்பிய வழக்கப்படி பொது வயரை எர்த் என்று வைத்துக்கொண்டு பாடியோடு சேர்த்து முறுக்கியிருந்தது. பாசிட்டிவைக் கொண்டுபோய் நேராக பாடியில் வைத்தால் ஃப்யூஸ் போகாமல் என்ன செய்யும்? கிட்டைக் குறை சொல்ல முடியாது, மீட்டர் சொன்னதைக் காதில் வாங்காத என் தப்பு.

அந்தப் பொது வயரை மட்டும் பாடியிலிருந்து பிரித்து, இரண்டு ரிலேயின் 86-லும் கொடுத்தேன். பிரைட் ஒன்றின் 85-க்கும், டிம் மற்றதன் 85-க்கும் போனது. சாதாரண ரிலேயின் காயிலுக்குப் பாசிட்டிவ் நெகட்டிவ் பேதம் கிடையாது (உள்ளே டயோடு வைத்தது என்றால் உண்டு, மேலே படம் போட்டிருக்கும்). இந்த முறை டிக் சத்தம் ரிலேயிலிருந்து வந்தது.

மறுபடி அளந்தேன்: பேட்டரியில் 13.9, பல்பில் 13.5. கணக்குப்படி வெளிச்சம் முன்பிருந்ததைவிட மூன்றில் இரண்டு பங்கு கூடுதல், அதுவும் அதே பழைய பல்பில். ஆனால் கொஞ்சம் நிதானம் வேண்டும். தூரம் கூடக் கூட வெளிச்சம் வர்க்கக் கணக்கில் குறையும் என்பதால், எட்டிப் பார்க்கிற தூரம் முப்பது சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் கூடுகிறது. முன்பு நாற்பது மீட்டரில் தெரிந்த மாடு இப்போது ஐம்பது மீட்டர் சொச்சத்தில் தெரியும். மணிக்கு 60 கிலோமீட்டரில் அது முக்கால் வினாடி. இவ்வளவுதானா என்று தோன்றலாம். அந்த டிராக்டருக்குப் பின்னால் முக்கால் வினாடி எனக்கு நிறையவே போதும்.

நூறு-தொண்ணூறு பல்பைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நூறு வாட் பல்பு இரண்டும் சேர்ந்து பதினாறு பதினேழு ஆம்பியர் இழுக்கும். பழைய வயரில் அதைப் போட்டால் வயரில் போகிற நஷ்டமும் கூடும், ஸ்விட்ச் உருகும், ஹோல்டர் கருகிப் பல்போடு ஒட்டிக்கொள்ளும். காசு கொடுத்துச் சூட்டை வாங்குகிற வேலை.

எல்இடி அப்படி ஒற்றை வரியில் தள்ளக்கூடியது இல்லை. அதைப் புரிந்துகொள்ள ஹெச்4 பல்பை ஒருமுறை கையில் வைத்துப் பார்க்கவேண்டும் (கண்ணாடியைத் தொடாமல், விரல் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் கெட்டுப் பல்பு சீக்கிரம் போய்விடலாம்). டிம் இழைக்கு அடியில் ஒரு சின்ன உலோகக் கரண்டி மாதிரித் தகடு தெரியும். அந்த இழை ரிஃப்ளெக்டரின் (பல்பைச் சுற்றிக் குழிந்திருக்கிற பளபளப்பான கிண்ணம்) குவியத்துக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. அதிலிருந்து மேல் பாதியில் படுகிற ஒளி ரோட்டை நோக்கிக் கீழே இறங்கும், கீழ்ப் பாதியில் பட்டால் மேலே கிளம்பி எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். அந்தக் கரண்டி கீழ்ப் பாதிக்கு ஒளியே போகாமல் மறைத்துவிடுகிறது. அந்தக் காலத்து பஸ்களிலும் அம்பாசடர்களிலும் ஹெட்லைட் கண்ணாடியில் கறுப்புப் பொட்டு வைத்திருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பொட்டை, இன்னும் நறுக்காக, பல்புக்குள்ளேயே வைத்ததுதான் இந்தத் தகடு. அதன் ஒரு விளிம்பு 15 டிகிரி சாய்ந்திருக்கும், அதனால்தான் டிம்மில் வெளிச்சத்தின் இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் மேலேறி, ரோட்டோரம் நடக்கிறவர்களைக் காட்டும்.

இவ்வளவு கணக்கும் மெலிசான ஓர் இழை, ஒரு குறிப்பிட்ட இடத்தில், சுற்றிலும் ஒளிவிடும் என்பதை நம்பிப் போட்டது. எல்இடி பல்பில் இழை இல்லை, ஒரு தகட்டின் இரண்டு பக்கமும் ஒட்டிய சில்லுகள். அந்தத் தகட்டுக்குத் தடிமன் இருக்கிறது, சில்லுகள் பக்கவாட்டில்தான் ஒளிவிடும், இடம் ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலே போதும், ரிஃப்ளெக்டர் கண்டபடி வீசும். வண்டிக்கு முன்னால் பத்து மீட்டரில் கல்யாண மண்டபம் மாதிரி வெளிச்சம், உட்கார்ந்திருக்கிற நமக்குப் பரம திருப்தி, ஆனால் தூரத்தில் பழையதைவிடக் குறைவு, எதிரே வருகிறவர் கண்ணில் நேராக. கிட்டத்தில் வெளிச்சம் அதிகமானால் நம் கண்ணே சுருங்கிக்கொண்டு தூரத்து இருட்டைக் கவனிக்காது என்பது வேறு. நல்ல எல்இடி பல்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஜெர்மனியில் 2020-ல் ஓஸ்ராம் நிறுவனத்தின் எல்இடி மாற்றுப் பல்பு ஒன்றுக்குச் சட்டப்படி அனுமதி கொடுத்தார்கள், அதுவும் ஹெச்7 வகை, அதுவும் எந்தெந்தக் கார் மாடலில் போடலாம் என்று பட்டியல் போட்டு. பல்பையும் அது உட்காரப்போகும் விளக்கையும் சேர்த்துச் சோதித்தால்தான் தெரியும் என்பதற்கு அந்தப் பட்டியலே சாட்சி. என் மாருதியின் விளக்குக்கு அப்படி யாரும் சோதித்துச் சொல்லவில்லை.

நம்மூர்ச் சட்டமும் இதில் கண்டிப்பானது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும், வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் இருக்கின்றன. அதே வருஷத் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதி இல்லாமல் மாற்றினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. விளக்கின் வகையையும் வாட்டையும் தொடாமல் வயரை மட்டும் சரிசெய்வதில் எனக்கு இருக்கிற நிம்மதியில் இதுவும் ஒரு பங்கு.

ரிஃப்ளெக்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் அதன் பளபளப்புப் பூச்சு கறுத்தோ உரிந்தோ இருந்தால் விளக்கையே மாற்றுவதுதான் வழி, துணி விட்டுத் துடைத்தால் மிச்சப் பூச்சும் கையோடு வந்துவிடும். முன்பக்கம் பிளாஸ்டிக்காக இருக்கிற பிற்கால வண்டிகளில் மஞ்சள் படிந்திருந்தால், நீர்விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளில் 800, 1000, 2000 என்று படிப்படியாகப் போய்ப் பாலிஷ் போடலாம். மேலே வெயிலைத் தாங்குகிற யுவி பூச்சு ஒன்று கொடுக்காவிட்டால் சில மாதத்தில் பழையபடி ஆகிவிடும், டூத்பேஸ்ட் வித்தை அதற்கும் முன்னாலேயே.

கடைசி வேலை, எல்லோரும் விட்டுவிடுகிற வேலை, உயரம் வைப்பது. இதற்குக் காசே கிடையாது. சமதளமான இடத்தில், டயரில் சரியாகக் காற்று வைத்து, ஓட்டுநர் சீட்டில் ஓர் ஆளை உட்காரவைத்து, சுவரிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தினேன். விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டேன், என் வண்டியில் 65 சென்டிமீட்டர். டிம்மைப் போட்டால் வெளிச்சமும் இருட்டும் பிரிகிற கோடு அந்த டேப்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் கீழே விழவேண்டும். நூற்றுக்கு ஒன்று சரிவு, அப்போதுதான் அது 65 மீட்டர் தள்ளி ரோட்டைத் தொடும். என் இடது விளக்கு பதினெட்டு சென்டிமீட்டர் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் பதினெட்டு மீட்டரில் ரோட்டுக்குள் புதைகிறது! வலது விளக்கோ வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாக எதிரே வந்தவர்கள் என்னைத் திட்டினார்களோ. ஸ்க்ரூவைத் திருகி இரண்டையும் கோட்டுக்குக் கொண்டுவந்தபோது, ரிலே தந்ததைவிட இதுதான் அதிகம் தந்தது என்றுகூடத் தோன்றியது. மோட்டார் வாகன விதி 106-ல் கண் கூசக்கூடாத இடமும் சொல்லியிருக்கிறது: வண்டிக்கு முன்னால் 8 மீட்டர், வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரம். மைத்துனனை அங்கே நிற்கவைத்துப் பார்த்தேன், குனிந்து நிற்கவேண்டியிருந்தது அவனுக்கு. "கூசல மாமா" என்றான்.

ஒரு விஷயம் பிற்பாடுதான் உறைத்தது. அந்தப் பழைய பல்புகள் பதினொரு வருஷம் போகவே இல்லை, நல்ல ராசியான பல்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வோல்ட்டேஜ் குறைந்தால் வெளிச்சம் குறைகிற வேகத்தைவிடப் பலமடங்கு வேகத்தில் இழையின் ஆயுள் கூடும், 11.6-க்கும் 13.5-க்கும் நடுவில் அது ஏழு மடங்கு வரை வருகிறது. அரைப்பட்டினியில் கிடந்ததால் நீண்ட ஆயுள். ரிலே போட்ட கையோடு இரண்டுக்கும் புது 60/55 மாட்டினேன். போன மாதம், இரண்டு வருஷம் முடிந்து சில வாரத்தில், வலது பல்பு போனது. டேஷ்போர்டில் கிடந்த ஸ்பேரை, திண்டிவனம் பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி, கைக்குட்டையால் பிடித்து மாட்டினேன்.